பிள்ளைகள் எழுதியதைப் புத்தகமாக்கப் போய்: ஒரு தமிழாசிரியையின் அனுபவம்

குடியாத்தம் பக்கத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். பிள்ளைகள் என்னைத் தமிழம்மா என்று கூப்பிடுவார்கள். 2023 ஜூனில் ஆரம்பித்து 2024 ஜனவரி வரை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேர் எழுதியதை ஒரு புத்தகமாகக் கொண்டுவர வேண்டும் என்று அலைந்தேன். அதில் என் பணம் 23,460 ரூபாய் போனது. பணம்கூடப் பரவாயில்லை, சம்பாதித்துக்கொள்ளலாம். அந்தப் புத்தகத்தால் ஒரு குடும்பம் ஊரில் தலைகுனிந்து நின்றது. அதற்கு நான்தான் காரணம். அந்த எட்டு மாதத்தில் யாராவது ஒருவர் என்னிடம், "கொஞ்சம் பொறுங்க, இதைக் கேட்டுக்கோங்க" என்று சொல்லியிருந்தால் பாதி நடந்திருக்காது. அதனால்தான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகள் நன்றாக எழுதுவார்கள். இதை வாத்தியார் பெருமையாகச் சொல்லவில்லை. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மனின் தலையை ஊர்வலமாக எடுத்து வருவார்கள். கோடை விடுமுறையில் வருவதால், ஜூனில் பள்ளி திறந்ததும் அதைப் பற்றி எழுதச் சொல்வேன். எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். அந்த வருஷம் ஒரு பையன், சிரசு வரும்போது கூட்டத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்ததையும், அப்பாவின் தலைமுடியில் தேங்காய்த் தண்ணீர் தெறித்துப் பிசுபிசுவென்று இருந்ததையும் எழுதியிருந்தான். சாமியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படித்துவிட்டு நோட்டை மூடவே மனசு வரவில்லை. இதையெல்லாம் மதிப்பெண் போட்டுக் கட்டி வைத்துவிட்டு வருஷக் கடைசியில் பழைய பேப்பர்காரனுக்குப் போடுகிறோமே என்று இருந்தது. நான் படிக்கிற காலத்தில் கோகுலம் பத்திரிகைக்குத் தபால் அட்டையில் விடுகதை எழுதி அனுப்பிவிட்டு, மாதாமாதம் கடையில் போய்ப் புரட்டிப் பார்ப்பேன். கோகுலம், சுட்டி விகடன் இரண்டுமே இப்போது அச்சில் வருவதில்லை. பிள்ளைகள் எழுதியதை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. தப்பு அங்கேதான் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து ஆசிரியர்கள் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பள்ளி மாணவர்களின் படைப்புகளைத் தொகுத்து நூலாக வெளியிடுகிறோம், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பிரதி, சான்றிதழ், வெளியீட்டு விழா என்று இருந்தது. கூப்பிட்டேன். பேசியவர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். "உங்களை மாதிரி ஆசிரியர்களால்தான் தமிழ் வாழுதும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. ஆளுக்கு 400 ரூபாய் பங்களிப்பு. 19 பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். சில வீடுகளில் அது இரண்டு நாள் பீடிக் கூலி. சில்லறை நோட்டாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுக்க முடியாத 13 பேருக்கு நானே போட்டேன். மொத்தம் 12,800 ரூபாயை ஜிபேயில் அவருடைய சொந்த எண்ணுக்கு அனுப்பினேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன். யாராவது இப்படிப் பணம் வாங்கிப் புத்தகம் போடுகிறோம் என்று வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் அவர்கள் ஏற்கனவே போட்ட புத்தகம் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். படம் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம், புத்தகமே வேண்டும். அதில் எழுதியிருக்கும் ஒருவரிடம், பதிப்பகத்தார் கொடுக்கும் எண்ணில் இல்லாமல் நீங்களாகத் தேடிப் பிடித்த எண்ணில் பேசுங்கள். எத்தனை பக்கம், என்ன அளவு, என்ன தாள், எத்தனை பிரதி, எந்தத் தேதி, இந்த ஐந்தும் எழுத்தில் வரவேண்டும். பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போகவேண்டும், பில் வரவேண்டும். பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்கவே கூடாது. இன்னொன்று, பிள்ளைகளிடம் காசு வசூலிப்பதற்கு முன் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நான் வாயால் சொல்லிவிட்டு வசூலித்தேன். பிறகு அதற்கும் பதில் சொல்ல வேண்டிவந்தது.

பணம் போனதும் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. ஐ.எஸ்.பி.என். எண் வாங்க 1,500 என்றார்கள். அட்டை வடிவமைப்புக்கு 2,000. அப்புறம், 32 மாணவர்கள் ஒரே நூலில் எழுதுவது சாதனை, அதைப் பதிவு செய்து ஆளுக்கொரு உலக சாதனைச் சான்றிதழ் தருகிறோம், சான்றிதழுக்கு 100 ரூபாய் என்றார்கள். 3,200. எல்லாவற்றையும் கட்டினேன். இதில் எனக்கு மிகவும் வயிற்றெரிச்சல் அந்த ஐ.எஸ்.பி.என். விஷயம்தான். நம் நாட்டில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரில் மத்திய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் முகமை கொடுக்கிறது. அதற்குக் கட்டணமே கிடையாது. பதிப்பகம் மட்டுமில்லை, சொந்தமாகப் புத்தகம் போடுகிற தனி ஆளும் இணையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். அந்த எண் இருப்பதால் புத்தகம் நல்ல புத்தகம் என்றும் ஆகிவிடாது. கடையிலும் நூலகத்திலும் ஒரு புத்தகத்தை அடையாளம் காண்பதற்கான எண், அவ்வளவுதான். சான்றிதழைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காசு கொடுத்தால் கிடைக்கிற சாதனையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, நீ சாதித்துவிட்டாய் என்று சொல்லியிருக்கிறேன். அது இன்றும் உறுத்துகிறது.

பிள்ளைகள் எழுதியதை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்து அடித்து வாங்கினேன். அவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தார்கள். பதிப்பகத்தார் அதை அவர்கள் பக்கம் மாற்றிக்கொண்டபோது கொம்பும் காலும் இடம் மாறிப் போயிருக்கிறது. அச்சடிக்கும் முன் பிழை திருத்த மெய்ப்பு அனுப்புங்கள் என்று மூன்று முறை கேட்டேன். "நாங்களே பார்த்துட்டோம்மா" என்றார்கள். அக்டோபர் என்றது டிசம்பர் ஆனது. போனை எடுப்பது நின்றது. ஒருநாள் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு காட்பாடியில் ரயிலேறிப் போய், கொடுத்திருந்த முகவரியைக் கண்டுபிடித்தேன். மாடியில் பூட்டிய வீடு. கீழே இருந்த ஜெராக்ஸ் கடைப் பெண், "அவர் எப்பவாவதுதான் வருவாரு, பத்துப் பத்தாதான் பிரிண்ட் எடுப்பாரு" என்றாள். அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. திரும்பும்போது ரயிலில் அழுதேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் என்ன சொல்வேன் என்பதுதான் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது ஒரு பார்சல் வந்திருந்தது. உள்ளே பத்துப் புத்தகம். மற்ற 22 வேண்டுமென்றால் பிரதிக்கு 180 ரூபாய். பத்துப் பேருக்குக் கொடுத்து 22 பேரை வெறுங்கையோடு உட்கார வைக்க முடியுமா? 3,960 ரூபாய் கட்டி வாங்கினேன். பெயர்கள் தப்பு. நான்கு பிள்ளைகளின் எழுத்து இன்னொருவர் பெயரில் இருந்தது. தேங்காய்த் தண்ணீர் பற்றி எழுதிய பையனுடைய கட்டுரையில் அந்த வரியையே காணோம். இடம் போதவில்லை என்று வெட்டியிருக்கிறார்கள். அவன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் பையில் வைத்தான். 19 பிள்ளைகளின் 7,600 ரூபாயையும் அந்த மாதச் சம்பளத்தில் திருப்பிக் கொடுத்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில், எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கே என்று அச்சிட்டிருந்தார்கள். ஆரம்பத்தில் நான் நிரப்பிக் கொடுத்த படிவத்திலும் அப்படி ஒரு வரி இருந்திருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டபோதுதான் விவரம் புரிந்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய அந்த நிமிஷத்திலிருந்து உரிமை எழுதியவருக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளையானாலும் அப்படித்தான். எங்கேயும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. அவர் வாழ்நாள் முழுக்கவும், காலமான பிறகு 60 ஆண்டும் அந்த உரிமை இருக்கும். இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருஷம்தான் செல்லும். பதினெட்டு வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. பிள்ளையின் எழுத்தை எழுதிக் கொடுக்க டீச்சருக்கு ஏது உரிமை? நான் போட்ட கையெழுத்துக்கு அர்த்தமே இல்லை என்றார் வக்கீல். கேட்டதும் ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வெட்கம். ஆகவே படிவத்தைப் படியுங்கள். உரிமை எழுதியவருக்கே என்ற வரி இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருமுறை அச்சிட மட்டும் அனுமதி என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்காருவாள், அதிகம் பேசமாட்டாள். அம்மா பீடி சுற்றுபவர். 'என் அம்மாவின் கை' என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். நனைத்த இலையைத் தகடு வைத்துக் கத்திரியில் வெட்டுவது, தூளை அள்ளி வைத்து உருட்டுவது, நூலைச் சுற்றிப் பல்லால் இழுப்பது, கட்டை விரல் நகத்தால் முனையை மடக்குவது, எல்லாம் இருந்தது. கடைசியில், அம்மா சுற்றிய பீடிக்கு ஏஜென்டு கொடுத்த பணத்தை அப்பா எப்படி எடுத்துக்கொண்டு போனார், அன்று இரவு வீட்டில் என்ன நடந்தது என்பதும் இருந்தது. அந்த வகுப்பிலேயே சிறந்த எழுத்து அதுதான். அவளைக் கேட்காமலேயே வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் அதை அப்படியே புத்தகத்தில் சேர்த்தேன். பெயர், வகுப்பு, ஊர், எல்லாம் போட்டு.

புத்தகம் கொடுத்த நாலாம் நாள் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. வராந்தாவில் நின்றுகொண்டு, "எங்க வூட்டுக் கதைய ஊருக்கே போட்டு வச்சிருக்கீங்களே டீச்சர். நான் எப்டி ஏஜென்டு கடைக்குப் போறது?" என்று மட்டும் கேட்டார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தப் பெண் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வந்த பிறகு தமிழ் நோட்டில் பாடத்தைத் தவிர வேறு எதுவும் எழுதவில்லை. பையன்கள் அவளை "பீடி" என்று கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு மார்ச்சில்தான் தெரியவந்தது.

அந்தக் கல்வியாண்டு முடியும்வரை நான் யாரையும் எழுதச் சொல்லவில்லை. எழுதச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று இருந்தது. பணம் போனதற்குக் கோபப்பட ஒரு ஆள் இருந்தார். இதற்கு யார்மேல் கோபப்படுவது? கோடை விடுமுறையில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று மட்டும் தெளிவானது. கூடப் படிக்கிற பிள்ளைகள் மரியாதையாகக் கேட்கப் பழகாத ஒரு வகுப்பிலிருந்து நேராகப் புத்தகத்துக்குத் தாவிவிட்டேன். பக்கத்து பெஞ்சு கேட்கும் முன் ஊர் கேட்டுவிட்டது.

2024 ஜூனில் அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு. முதல் நாளே அந்தப் பெண்ணிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். பிறகு வகுப்பில் எல்லார் முன்னாலும், உங்களைக் கேட்காமல் படித்தது என் தப்பு என்று சொன்னேன். ஒரு ஏற்பாடு செய்தோம். யாருக்கும் காட்ட வேண்டாம் என்றால் பக்கத்தின் முனையை மடித்துவிட வேண்டும். மடித்த பக்கத்தை நானும் படிக்கமாட்டேன். மடிக்காத பக்கத்தை நான் படிப்பேன், ஆனால் எழுதியவர் சம்மதிக்காமல் இன்னொருவருக்குக் காட்டமாட்டேன். முதல் மாதம் பாதிப் பக்கங்கள் மடித்தே வந்தன. அவற்றை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். பிள்ளைகள் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று புரிந்தது. பக்கத்துக்குள் ஒரு தலைமுடியை வைத்துவிட்டு, விழுந்திருக்கிறதா என்று பார்த்தவர்கள்கூட உண்டு.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஐந்தைந்து பேராக உட்காருவார்கள். எழுதியவர் தானே படிப்பார். கேட்கிறவர்கள் முதலில் மனசில் நின்ற ஒரு வரியைத் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். "சூப்பர்", "நல்லா இருக்கு" சொல்லக் கூடாது. எழுத்துப்பிழை பேசக் கூடாது, அதற்கு வேறு நாள் இருக்கிறது. கேலி செய்தால் அன்றைக்கு அவர் குழுவை விட்டு வெளியே. இவ்வளவுதான் விதி. ஒரு தறிக்காரர் மகன், 2021 நவம்பரில் கௌண்டன்ய மகாநதியில் வெள்ளம் வந்ததை எழுதிப் படித்தான். 'இயற்கை சீறியது, மக்கள் தவித்தனர்' என்று செய்தித்தாள் போல இருந்தது. ஒரு பெண் அவனைக் கேட்டாள்: "உங்க வூட்டுல தண்ணி முதல்ல எங்க வந்துச்சு?" அவன் யோசித்துவிட்டு, "தறிக்குழியில" என்றான். அவர்கள் வீட்டில் குழித்தறி. வாசல் வழியாகத் தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே காலை வைக்கும் குழியில் ஊறி நின்றிருக்கிறது. அவன் அப்பா பாதி நெய்த லுங்கியோடு பாவு நூலை அறுத்துச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, பிறகுதான் இவர்களைக் கிளம்பச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் அதைத் திருப்பி எழுதிக்கொண்டு வந்தான். முதல் வரி, 'எங்கள் வீட்டில் ஆறு தரையிலிருந்து வந்தது.' பத்து வருஷம் சிவப்பு மையால் நான் திருத்தியதில் இப்படி ஒன்று நடந்ததில்லை.

செப்டம்பரில் கையெழுத்துப் பத்திரிகை ஆரம்பித்தோம். இதற்கு எவ்வளவு ஆகும் என்று பலரும் கேட்பதால் விவரமாகச் சொல்கிறேன். ஏ4 தாள் நான்கை நடுவில் மடித்தால் 16 பக்கம். பிள்ளைகளே எழுதுவார்கள், படமும் அவர்களே. கோடு போட்ட தாள் வேண்டாம், நகலில் கோடு அடித்துக்கொண்டு தெரியும். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் எழுதவேண்டும். நீல மை மங்கிப் போகும். முதலில் வெற்றுத் தாள் நான்கை மடித்து, 1 முதல் 16 வரை எண் போட்டுப் பிரித்துப் பாருங்கள். ஒன்றாம் பக்கமும் பதினாறாம் பக்கமும் ஒரே தாளின் ஒரே புறத்தில் வருவது அப்போதுதான் புரியும். நாங்கள் இது தெரியாமல் முதல் இதழை இரண்டு முறை எழுதினோம். இருபுறமும் நகல் எடுத்து, நடுவில் பின் அடித்து, மேலே கலர் தாள் அட்டை போட்டால் எங்கள் ஊர்க் கடையில் பிரதிக்கு 15 ரூபாய். 60 பிரதிக்கு 900 ரூபாய். அட்டையில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறோம். சிற்றிதழ்க்காரர்கள் காலங்காலமாகப் போடுவதுதான். விற்பனைக்கு என்று வரிசையாக இதழ் நடத்துவதென்றால் அதற்குப் பதிவு, சட்டம் எல்லாம் உண்டு. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. மூன்று பிரதி ஊர்க் கிளை நூலகத்துக்குப் போனது. அங்கே வாசகர் வட்டத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் ஆறேழு பேர்தான். ஆனால் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். தறிக்குழிக் கட்டுரையைக் கேட்ட ஒருவர், தானும் தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்தவன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதைவிட என்ன வெளியீட்டு விழா வேண்டும்?

அதற்கப்புறம்தான் வெளியே அனுப்பினோம். நான் முன்பே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: பள்ளிக் கல்வித் துறையே 2022 முதல் பிள்ளைகளுக்காக இதழ் நடத்துகிறது. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல், ஆறு முதல் ஒன்பது வரை தேன்சிட்டு. பள்ளிக்கே வருகிறது. எங்கள் பள்ளியிலும் வந்து அலமாரியில் இருந்திருக்கிறது. அறிவியல் சம்பந்தமாக எழுதுகிற பிள்ளைக்கு, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் துளிர் இருக்கிறது. தினமணியின் சிறுவர்மணி, இந்து தமிழ் திசையின் மாயாபஜார் போல நாளிதழ்களின் சிறுவர் பக்கங்கள் இருக்கின்றன. இவர்கள் யாரும் அச்சிடுவதற்குப் பணம் கேட்பதில்லை. அனுப்புவதற்கு முன் அந்த இதழை நாலு வாரமாவது பிள்ளையும் நீங்களும் படியுங்கள். எவ்வளவு நீளம், என்ன மாதிரி என்று பிடிபடும். ஒரு படைப்பை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டு அடுத்த இடம். யூனிகோடில் அடித்து அனுப்புங்கள், பாமினியில் போனால் அந்தப் பக்கம் வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். இது சொந்தப் படைப்பு என்று பிள்ளையும், தெரிந்தவரை உண்மை என்று நீங்களும் ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்தப் பழைய புத்தகத்தில் ஒரு கவிதை, நாள்காட்டித் தாளிலிருந்து பையன் பார்த்து எழுதியது என்று பிறகு தெரிந்தது. அவனைத் திட்டவில்லை. பார்த்து எழுதுவதற்கும் தானாக எழுதுவதற்கும் வித்தியாசம் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. தொடர்புக்கு உங்கள் எண்ணைக் கொடுங்கள், பிள்ளை வீட்டு எண் வேண்டாம். போட்டோ கேட்டால் வீட்டில் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

அந்த வருஷம் 23 படைப்புகள் அனுப்பினோம். மூன்று அச்சில் வந்தன. மற்ற இருபதுக்குப் பதில்கூட இல்லை. இதைப் பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும், இல்லையென்றால் உடைந்து போவார்கள். சுவரில் ஒரு அட்டை ஒட்டி, எது எங்கே எப்போது போனது என்று எழுதி வைத்தோம். அச்சில் வராத ஒவ்வொன்றும் அடுத்த கையெழுத்து இதழில் வந்துவிடும் என்பதால் யாரும் அவ்வளவாக வருத்தப்படவில்லை. எங்கேயும் வராவிட்டாலும் வெள்ளிக்கிழமை ஐந்து பேர் கேட்கிறார்கள் அல்லவா!

வீட்டில் அனுமதி வாங்குவதற்கு ஒரு தாள் வைத்திருக்கிறோம். என்ன எழுதியிருக்கிறது, எங்கே போகப்போகிறது, சொந்தப் பெயரா புனைபெயரா, ஊர்ப் பெயர் போடலாமா என்று நான்கே கேள்வி. கையெழுத்து மட்டும் வாங்கினால் போதாது. பல வீடுகளில் படிக்கத் தெரியாது, டீச்சர் கேட்டால் போட்டுவிடுவார்கள். எழுதியதைப் பிள்ளை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும், கேட்டவர் சரி என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து. வீட்டு விஷயம் எழுதியிருந்தால் நானே நேரில் போகிறேன்.

'என் அம்மாவின் கை' எழுதிய அந்தப் பெண் டிசம்பர் வரை எல்லாப் பக்கத்தையும் மடித்தே கொடுத்தாள். ஜனவரியில் ஒரு பக்கம் மடிக்காமல் வந்தது. அம்மாவின் கையைப் பற்றியே மறுபடி எழுதியிருந்தாள். அப்பா வரவில்லை, சண்டை வரவில்லை, வேலை மட்டும். அம்மாவிடம் படித்துக் காட்டுகிறாயா என்று கேட்டேன். "நீங்களும் வாங்கம்மா" என்றாள். போனேன். அவர் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். மகள் படித்தாள். அவர் கை நிற்கவில்லை. படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் மகளைப் பார்த்து, "ஆயிரம்னு எழுதியிருக்கியே, நான் எங்கடி ஆயிரம் சுத்துறேன்? எழுநூறுதான். எழுநூறுன்னு மாத்தி எழுது" என்றார். அவள் அங்கேயே பேனா எடுத்து அடித்துவிட்டு எழுதினாள். தாளை நீட்டியபோது அவர் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, எங்கே போடணும் என்று கேட்டார்.